பொதிகை மழைக்கு பில் போட்டது யார்?

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற எந்த விவசாயியைக் கேட்டாலும் வருஷத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார். கார், பிசானம். காருக்கு ஜூன் மாதம் அணை திறக்க வேண்டும். பிசானத்துக்கு ஐப்பசி அடைமழை ஏமாற்றாமல் இருக்க வேண்டும். முதல் போகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது அரபிக்கடல் பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவமழை. அடுத்த போகத்துக்கு வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. ஆறு ஒன்று, வாய்க்கால் ஒன்று, வயலும் ஒன்று. கடல்தான் இரண்டு.

இதில் என்ன பெரிய விஷயம், ஜூலையில் பெய்தால் மேற்கு, நவம்பரில் பெய்தால் கிழக்கு, காலண்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று தோன்றும். பெய்கிற அன்றைக்குத் தெரியும், சரிதான். பெய்து முடிந்த பிறகு? பாபநாசம் அணையில் 143 அடிக்கு நிற்கும் தண்ணீரில் எவ்வளவு அரபிக்கடல், எவ்வளவு வங்கக்கடல்? சாத்தான்குளம் பக்கத்துக் கிணற்றில் ஊறுவது எந்த மழை? ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் பெய்த மழையில் எந்தக் கடலின் பங்கு அதிகம்? அங்கெல்லாம் காலண்டர் உதவாது. இரண்டு லாரியில் வந்த அரிசி மூட்டையைப் பிரித்து ஒரே குடோனில் கொட்டிவிட்டால் எது எந்த மில் அரிசி என்று சொல்ல முடியாது. பில் இருந்தால் கணக்காவது தெரியும். தண்ணீருக்கும் அப்படி ஒரு பில் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1950களில்தான்.

அதற்கு முன்னால் பொதிகையைப் பற்றி ஒரு வார்த்தை. அகத்தியர் மலை என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது தமிழும் சித்தர்களும். விஞ்ஞான வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வான்கணிப்பு நிலையம் தொடங்கினார். 1852-ல் அதற்கு இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வந்த மனிதர் திருவனந்தபுரத்தோடு திருப்திப்படவில்லை. கடல் மட்டத்தை ஒட்டி எடுக்கும் அளவுகளை உயரத்தில் எடுக்கும் அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லி, 1855-ல் ஆறாயிரம் அடிக்கு மேலே, அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு நிலையம் கட்டிவிட்டார்! ரோடு கிடையாது. யானை நடமாடும் காடு. குளிர், அட்டை, மாதக்கணக்கில் மேகமூட்டம். கருவிகளை ஆட்கள் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். 

பிரவுனின் முக்கியமான ஆர்வம் பூமியின் காந்தப்புலம். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் இந்த நுனியை ஒட்டிப் போவதால், காந்தப்புல ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தப் பகுதி மேல் எப்போதுமே ஒரு கண். (திருநெல்வேலி பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் இதேதான் காரணம். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!) காந்தத்தோடு சேர்த்து வானிலையையும் அவர் அளந்தார். 1857-ல் திருவனந்தபுரம், அகத்தியர் மலை இரண்டு நிலையங்களைப் பற்றியும் அறிக்கை வெளியிட்டார்.

அந்த உச்சி ஒரு வேடிக்கையான இடம். அந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழுகிற தண்ணீர் நெய்யாறு, கரமனையாறு என்று ஓடி அரபிக்கடலுக்கே திரும்பிப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுகிற தண்ணீர் தாமிரபரணியாகி, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாற்றையும் சீவலப்பேரியில் வாங்கிக்கொண்டு, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் முடிகிறது. மொத்தமே 125 கிலோமீட்டர் சொச்சம். பிறந்து, வளர்ந்து, கடலில் சேர்வது எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளேயே. ஆனால் ஆடி மாதம் மலையில் விழும் மழை கேரளத்தைக் கடந்து வந்த மேகம் கொடுத்தது. காவிரிக்கு வழக்குப் போட முடிந்தது. மேகத்துக்கு யார் மேல் வழக்குப் போடுவது? :-)

மலையைத் தாண்டிக் கீழே இறங்கினால் கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை திருநெல்வேலி டவுனில் மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. காற்றுதான். ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக் குவித்ததுதான் இடையன்குடி, குதிரைமொழிப் பக்கத்துச் செம்மண் தேரிகள். மேற்கே கொட்டிவிட்டுக் காலிப் பையோடு வருகிற காற்று அது. ஆகவே சமவெளிக்குத் தென்மேற்குப் பருவமழை வானத்திலிருந்து வருவதில்லை, ஆற்று வழியாக வருகிறது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. மலையில் பெய்த மேற்குக் கடலின் மழையை மழையில்லாத மாதங்களில் சமவெளிக்குக் கொண்டுவருவதற்கென்றே முன்னோர் கட்டி வைத்தவை. கார் சாகுபடி என்பதே இந்த ஏற்பாட்டின் மேல் நிற்கிற விவசாயம்.

சரி, பில் விஷயத்துக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்தில் தண்ணீர் என்றால் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று படித்திருப்போம். எல்லா ஆக்சிஜன் அணுவும் ஒரே எடை கிடையாது. பெரும்பாலானவை ஆக்சிஜன்-16. கொஞ்சம் ஆக்சிஜன்-18. சுமார் ஐந்நூறு தண்ணீர் மூலக்கூறுகளில் ஒன்றில் இந்தக் கனமான ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும். ஹைட்ரஜனிலும் அப்படித்தான். டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை 1931-ல் ஹரால்டு யூரே கண்டுபிடித்தார், 1934-ல் நோபல் பரிசும் வாங்கினார். இவையெல்லாம் நிலையான ஐசோடோப்புகள். கதிரியக்கம் கிடையாது, சிதைந்து போகாது, குடித்தால் ஒன்றும் ஆகாது. நாம் தினமும் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடல் நீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு மேலே போகும். கனமானவை பின்தங்கும். அதனால் மேகம் கடலை விட லேசு. மேகம் மழையாகும்போது நேர்மாறாக, கனமானவை முதலில் இறங்கும். ஆகவே வழியெல்லாம் பெய்துகொண்டே வந்த மேகத்தில் கடைசியில் மிஞ்சுவது மிக லேசான தண்ணீர். பஸ்ஸில் கனமான மூட்டை வைத்திருப்பவர்கள் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டால் டெர்மினஸ் வரைக்கும் வருவது கைவீசி வந்தவர்கள் மட்டும்தானே, அது மாதிரி. ஒரு துளி மழையில் கனமும் லேசும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், அந்த மேகம் எங்கிருந்து கிளம்பி, வழியில் எவ்வளவு இழந்துவிட்டு வந்தது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கிறது. வித்தியாசம் மிகச் சின்னது. நூற்றுக்கு இத்தனை என்று சொன்னால் போதாது, ஆயிரத்துக்கு இத்தனை என்றுதான் எழுதுகிறார்கள். ஒப்பிடுவது கடல் நீரோடு. கடல் பூஜ்யம், அதைவிட லேசாக இருந்தால் மைனஸ்.

இதை மழையில் செய்து பார்த்தவர் வில்லி டான்ஸ்கார்ட் என்ற டென்மார்க்காரர். 1952 ஜூன் மாதம் கோபன்ஹேகனில் நல்ல மழை. பெரிய கருவியெல்லாம் எதுவும் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் ஒரு காலி பீர் பாட்டிலை வைத்து, அதன் வாயில் ஒரு புனலைச் செருகி, மழை நீரைப் பிடித்தார். மழை பெய்யப் பெய்ய பாட்டிலை மாற்றிக்கொண்டே இருந்தார். பிறகு ஆய்வகத்தில் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தால், ஒரே மழையிலேயே ஆரம்பத்தில் விழுந்த நீருக்கும் பின்னால் விழுந்த நீருக்கும் வித்தியாசம்! உயரத்தில் குளிர்ந்த மேகத்திலிருந்து வந்தது வேறு, தாழ்ந்த மேகத்திலிருந்து வந்தது வேறு. அந்த பீர் பாட்டிலில் ஆரம்பித்தவர்தான் கடைசியில் கிரீன்லாந்துப் பனிக்கட்டிக்குப் போனார். கேம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க ராணுவ முகாமில் 1966-ல் தோண்டி எடுத்த 1,390 மீட்டர் நீளப் பனித்தண்டை வைத்து, 1969-ல் ஏறக்குறைய ஒரு லட்சம் வருஷத்து வானிலையை வாசித்துக் காட்டினார்.

1961-ல் அமெரிக்காவில் ஹார்மன் கிரெய்க் உலகம் முழுவதிலுமிருந்து ஆறு, ஏரி, மழை, பனி என்று சேகரித்த தண்ணீரையெல்லாம் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தார். ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் டியூட்டீரியம். புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வந்து உட்கார்ந்தன. டியூட்டீரியக் கணக்கு சமம் ஆக்சிஜன் கணக்கை எட்டால் பெருக்கிப் பத்து கூட்டு, அவ்வளவுதான். இதில் ஒரு அருமையான சங்கதி. குளத்தில் நின்று வெயிலில் வற்றிய தண்ணீர் மட்டும் இந்தக் கோட்டை விட்டுக் கீழே விலகிப் போகும். ஆகவே கிணற்று நீர் நேராக மழையிலிருந்து ஊறியதா, குளத்தில் கிடந்து காய்ந்து பிறகு இறங்கியதா என்பதையும் சொல்ல முடிகிறது. குளத்துக்குக் குளம் வாய்க்காலில் கோத்து வைத்திருக்கிற திருநெல்வேலி மாதிரி ஊருக்கு இது எவ்வளவு உபயோகம் என்று பாருங்கள்.

உலகம் முழுக்க மழையைப் பிடித்துச் சோதிக்கும் வலையமைப்பு வந்ததோ ஒரு கெட்ட காரணத்தால். 1950களில் அமெரிக்காவும் ரஷ்யாவும் மாறி மாறி ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தார்கள். அதில் கிளம்பிய ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மழையில் கலந்து எல்லா நாட்டிலும் இறங்கியது. எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் 1958-ல் திட்டம் போட்டு, 1961-ல் மழை சேகரிக்கத் தொடங்கின. ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் இரண்டையும் கூடவே அளந்தார்கள். புதுதில்லி ஆரம்பத்திலிருந்தே பட்டியலில் இருந்தது. குண்டு வெடிப்பு நின்ற பிறகு ட்ரிட்டியம் குறைந்துவிட்டது. கூடவே அளந்ததுதான் முக்கியமாகிப் போனது.

தென்னிந்தியாவுக்கு இந்தக் கணக்கு வந்து சேரத் தாமதமானது. தில்லிக்கு வருஷத்தில் பிரதானமாக ஒரு மழை. இங்கே இரண்டு. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947-ல் தொடங்கிய இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துக்காரர்கள்தான் இதில் அதிகம் வேலை செய்தவர்கள். அங்கே தேஷ்பாண்டே, பட்டாச்சார்யா முதலியவர்கள் 2003-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மழையைப் பிடிக்கவில்லை, தென்னிந்தியாவில் மேற்குக் கரை முதல் கிழக்குக் கரை வரை ஆழமில்லாத நிலத்தடி நீரை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு பருவமழைகளின் முத்திரையும் ஆவியாதலின் தடயமும் கிணற்றுத் தண்ணீரில் தெரிந்தன. பொதுவாகச் சொன்னால் வடகிழக்கு மழை, தென்மேற்கு மழையை விட லேசு.

ஏன் லேசு? இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலம் முழுக்கக் கொண்டுவந்து கொட்டிய நன்னீர் வங்கக் கடலின் மேற்பரப்பிலேயே மிதக்கிறது. அது கடல் நீரை விட லேசான நீர். அக்டோபரில் அங்கிருந்து ஆவியானால் மேகமும் லேசாகத்தானே இருக்கும். அப்படியானால் பிசான நெல்லுக்குப் பாய்கிற தண்ணீரில் இமயமலையின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது! இரண்டு, ஐப்பசி கார்த்திகையில் வருவது புயலும் தாழ்வு மண்டலமும். பெரிய பரப்பில் கூட்டமாகச் சுழன்று, வழியெல்லாம் கொட்டித் தீர்த்துக்கொண்டே வருகிற மேகங்கள். கனமானதெல்லாம் கடலிலேயே இறங்கிவிடுகிறது.

இது வரைக்கும் கதை சுகமாகப் போகிறது. சிக்கல் இனிமேல்தான்.

வெப்பமண்டல நாடுகளில் மழை அதிகமானால் தண்ணீர் லேசாகும் என்று ஒரு விதி உண்டு. டான்ஸ்கார்ட் 1964-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இருக்கிறது. இதை நம்பித்தான் குகைகளில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல் விழுதுகளையும், மரத்தின் வளையங்களையும் வைத்துப் பழைய மழையை வாசித்தார்கள். விழுதில் ஆக்சிஜன் லேசா? அந்த வருஷம் நல்ல மழை. கனமா? பஞ்சம். இந்த முறையில் கர்நாடகத்தின் அகளகவி குகை விழுதிலிருந்து 331 வருஷத்து மழை வரலாற்றை 2004-ல் யாதவாவும் ரமேஷும் அவர்கள் குழுவினரும் எடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் அதே யாதவா, ரமேஷ் 2007-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையைப் பற்றி எழுதும்போது, அங்கே மழை கூடும்போது தண்ணீர் கனமாகவும் ஆகிறது, அதாவது விதிக்கு நேர்மாறு, என்று எழுதினார்கள்! தாங்களே நம்பிய அளவுகோலைத் தாங்களே சந்தேகப்பட்டு அச்சில் ஏற்றினார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்து லெட்சுமி, மிதுன், ரமேஷ் குழு 2012-ல் கேரளத்தில் ஒன்பது இடங்களில் மழையைப் பிடித்தது. 2014-ல் வந்த முடிவு: ஓர் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதை விட, கடல் மேல் பெரிய அளவில் மேகக்கூட்டங்கள் திரண்டனவா என்பதே தண்ணீர் லேசாவதைத் தீர்மானிக்கிறது. உள்ளூர் மழைமானிக்கும் ஐசோடோப்புக்கும் நேரடித் தொடர்பு எதிர்பார்க்கக் கூடாது. 2015-ல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்த விதி பருவத்துக்குப் பருவம், இடத்துக்கு இடம் மாறுவது தெரிந்தது. இந்த ஆராய்ச்சிகளின் நடுநாயகமாக இருந்த ஆர். ரமேஷ் 2018-ல் காலமானார். தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்கலாம்.

இப்போது பொதிகைக்குத் திரும்பினால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அகத்தியர் மலையில் ஒரு பழைய மர வளையத்தில் ஆக்சிஜன் லேசாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் மழை அதிகம் என்று அர்த்தமா? தென்மேற்கு பொய்த்து, வடகிழக்கு மட்டும் பெய்தாலும் சராசரி லேசாகத்தான் வரும். மொத்த மழை குறைவு, ஆனால் கணக்கில் நல்ல வருஷம் மாதிரி தெரியும். அதோடு மலையைத் தாண்டி வரும் தென்மேற்கு மேகமும் கேரளத்தில் கனத்தை இறக்கிவிட்டு வருவதால் கிழக்குச் சரிவில் லேசாகவே விழும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு கையெழுத்தும் ஒன்று போலத் தோன்றினால் பில்லை எப்படிப் பிரிப்பது? ஆக்சிஜன், டியூட்டீரியம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் பிரிக்கலாம். அதற்கும் இன்றைய மழையை மாதாமாதம், மலை மேலும் கீழும், பல வருஷம் விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் கவலை என்று விட முடியாது. எல் நினோ வருஷங்களில் பொதுவாகத் தென்மேற்கு மெலியும், வடகிழக்கு தமிழ்நாட்டில் கொஞ்சம் தாராளமாக இருக்கும். ஒரு கடல் குறைத்துக் கொடுப்பதை இன்னொரு கடல் ஈடு கட்டுகிறது. வருஷ மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஐந்தொகை சரியாக டேலி ஆகிவிடும். ஆனால் கார் போட்டவன் கடனாளி, பிசானம் போட்டவனுக்கு வெள்ளம். இரண்டு கடலும் சேர்ந்து கைவிட்ட வருஷமும் உண்டு. 1876-ல் சென்னை மாகாணத்தில் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று கிராமத்துப் பெரியவர்கள் வாயில் இன்னமும் கிடக்கிறதே, அதுதான். அப்படி ஒரு வருஷம் எத்தனை நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் என்று தெரிய வேண்டுமானால் மழைமானிப் பதிவேடு போதாது. கேரளத் தேக்கு மரங்களின் வளைய அகலத்தை வைத்து 523 வருஷத்துப் பதிவு ஒன்றை 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நீலகிரியில் சதுப்பு மண்ணின் கார்பன் ஐசோடோப்பை வைத்து சுகுமார், ரமேஷ் குழுவினர் 1993-ல் நேச்சர் இதழில் இருபதாயிரம் வருஷத்து ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்ததைக் காட்டியிருக்கிறார்கள். அது எந்த வகைப் புல், செடி வளர்ந்தது என்பதைச் சொல்லும். மழை எந்தக் கடலிலிருந்து வந்தது என்று சொல்லாது.

சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு வயது சுமார் 3,200 என்று 2021-ல் அறிவித்தார்கள். பெருமைப்பட்டோம், ஸ்டேட்டஸ் வைத்தோம். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த நெல் கார் நெல்லா, பிசான நெல்லா? வானத்து மழையை நம்பி விதைத்தார்களா, ஆற்றைத் திருப்பத் தெரிந்திருந்ததா? தாழிக்குள் கிடந்த நெல்மணியின் வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பொருநைக் கரை நாகரிகம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்தக் காலத்தில் பொருநையில் ஆடி மாதம் தண்ணீர் ஓடியதா என்பதைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கி, மேலூர் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சிதான் காரணம் என்றது வானிலைத் துறை. அந்த இரண்டு நாளில் மணிக்கு ஒரு பாட்டில் என்று பிடித்து வைத்திருந்தால், ஈரம் எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து ஊட்டப்பட்டது என்று பின்னால் உட்கார்ந்து வாசித்திருக்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு புனல், ஒரு கேன், பிடித்த தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மேலே கொஞ்சம் பாரஃபின் எண்ணெய், பிறகு காற்றுப் புகாமல் மூடிய சின்ன பாட்டில். முன்பு அறை நிறைய இடம் பிடித்த நிறமாலைமானி வேண்டியிருந்தது. இப்போது மேஜை மேல் வைக்கிற லேசர் கருவியே போதும், சொட்டுத் தண்ணீரில் இரண்டு எண்ணையும் சொல்லிவிடும். பாபநாசம், மாஞ்சோலை, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல் என்று மலையிலிருந்து கடல் வரை ஆறு இடம் போதும். அதில் பாதி ஊர்களில் மழைமானி ஏற்கெனவே இருக்கிறது. தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு குறித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைத் தரையில்தான் ஊற்றுகிறார்கள்.